அப்பா இறக்கும் காட்சி யாரையும் தொடவில்லை: எதை வெட்டுவது, எதைத் திரும்ப எடுப்பது?

மொட்டைமாடி:
16 நிமிடக் குறும்படம், எடிட் முடியும் நிலை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா. முதல் 3 நிமிடத்தில் அப்பா பழைய பஜாஜ் சேடக் ஸ்கூட்டரில் அவளை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருகிறார். பிறகு வீட்டை விற்பது பற்றி வாக்குவாதம், நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. 9வது நிமிடம் இறப்பு. 9:10 முதல் 11:30 வரை மகளின் அழுகை, மூன்று குளோசப். மீதி நேரம் சடங்கும் அவள் திரும்பிப் போவதும். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே வயலின் ஓடுகிறது.

10 பேருக்குப் போட்டுக் காட்டியதில், அழுகை வரும்போது இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். இசையை ஏற்றியும், அழுகையை 50% ஸ்லோமோஷன் ஆக்கியும் பார்த்தாச்சு. இன்னும் மோசம். அப்பாவாக நடித்தவர் அரை நாள் கிடைப்பார். என்ன எடுக்கலாம்?

கத்திரிக்கோல்:
9வது நிமிடத்தில் கை வைக்காதீங்க. கோளாறு முதல் 3 நிமிடத்தில் இருக்கு. அந்த அப்பாவைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நல்லவர், வயசானவர், அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் செத்தா "ஐயோ பாவம்" என்போம், அழ மாட்டோம்.

உங்க கையிலேயே சேடக் இருக்கு. அந்த வண்டியை ஒரு பக்கம் சாய்ச்சு நிமிர்த்தி அப்புறம் உதைக்கிற பழக்கம் நம்ம ஊரில் ஒரு தலைமுறைக்கே தெரியும். அரை நாளில் இரண்டு ஷாட் எடுங்க. ஒன்று, பஸ் ஸ்டாண்டில் அப்பா சாய்ச்சு உதைக்கிறார், மகள் பையோடு பொறுமையில்லாமல் நிற்கிறாள். சாதாரணமா, வைடில். இரண்டு, வாக்குவாதத்துக்கு நடுவில் மறுபடி அதே செய்கை; "முதல்ல இதை வித்துத் தொலைங்கப்பா" என்று அவள் சொல்லணும். மூன்றாவது முறை அப்பா இல்லை. சடங்கு முடிஞ்சு வண்டியை நகர்த்தணும். அவள் உதைக்கிறாள், ஸ்டார்ட் ஆகலை. இன்னொரு உதை, ஆகலை. கொஞ்சம் நின்னு, வண்டியைச் சாய்க்கிறாள். அங்கே கட். ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னு காட்ட வேண்டாம்.

இரண்டு தடவைக்குக் குறைஞ்சா மனசில் பதியாது. நாலு தடவை காட்டினா, ஏதோ வரப்போகுதுன்னு பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சிடும். முதல் தடவை அது கதைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி போகணும், அதுதான் கஷ்டம்.

மூன்றாம் பிறை (1982) கடைசிக் காட்சியை ஷாட் ஷாட்டாப் பாருங்க. ரயில் கிளம்புது, தன்னை மறந்துபோன நாயகிக்கு நாயகன் தன்னை நினைவுபடுத்த, முன்னாடி அவளைச் சிரிக்க வச்ச குரங்குச் சேட்டையைச் செய்யறான். அவளோ பைத்தியம், பிச்சைக்காரன்னு நினைக்கிறாள். அதே சேட்டை, எதிர்ப் பலன். அழுகையை மட்டும் வச்சிருந்தா இத்தனை வருஷம் பேசியிருக்க மாட்டாங்க.

ஊமைச்சத்தம்:
ஒலி பக்கம் மூன்று விஷயம்.

வராந்தாவிலேயே வயலின் வந்தா "இவர் போகப்போறார்" என்று இசை முன்கூட்டியே சொல்லிடுது. அதனால் டாக்டர் வாயைத் திறக்கும்போது புதுசா எதுவும் நடக்கிறதில்லை. 9:10 வரை இசையை முழுசா எடுத்துடுங்க. செய்தி வந்து, முகம் மாறி, அதற்கு ஒன்றிரண்டு வினாடி கழிச்சு இசை நுழையலாம். நுழையாமலும் இருக்கலாம்.

இசையை எடுத்ததும் பலர் அங்கே வெறும் பூஜ்ஜியத்தை விட்டுடறாங்க. ஹெட்போனில் கேட்டா அது மௌனமா இருக்காது, ஒலி அறுந்துபோன மாதிரி இருக்கும். ஷூட் பண்ண அதே அறையில், அதே ஃபேன் ஓடும்போது, யாரும் அசையாமல் ஒரு நிமிடம் ரூம் டோன் பதிவு பண்ணி அடியில் போடுங்க. இப்போ அந்த ஃபேன் சத்தம்தான் உங்க பின்னணி இசை. ஒரே ஒரு சின்னச் சத்தத்தை அதன்மேல் வைங்க: தள்ளுவண்டிச் சக்கரம், ஸ்டீல் தட்டு.

மூன்றாவது ஸ்லோமோஷன். வினாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேமில் எடுத்ததை 50% ஆக்கினா ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை வரும், முகம் விக்கி விக்கி நகரும். 48 அல்லது 50ல் எடுத்திருந்தா மட்டுமே அது சுத்தமா வரும். இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

பதேர் பாஞ்சாலியில் (1955) மகள் இறந்ததை அறியாமல் திரும்பி வரும் அப்பா அவளுக்கு வாங்கிய புடவையை எடுத்து நீட்டுவார். அம்மா உடைந்து அழுவாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் (வில்லால் வாசிக்கும் நரம்பு வாத்தியம்) வரும், இசை ரவிசங்கர். அழுகையின் மேல் இசையை ஏற்றவில்லை, அழுகையின் ஒலியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இசையை உட்கார வைத்தார்கள். உங்க படத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்குது.

லென்ஸ்மூடி:
கிளிசரின் போட்டீர்களா? குளோசப்பில் உடனே தெரியும். கண்ணீர் கெட்டியாக மெதுவாக இறங்கும், ஆனால் கண் வெள்ளையாகவே இருக்கும். மென்தால் குச்சியைக் கீழ் இமைக்கு அரை அங்குலம் கீழே தடவினால் ஆவியில் கண் சிவந்து தானாக நீர் கோக்கும். கண்ணுக்குள் படவே கூடாது. இரண்டு மூன்று டேக்குக்கு மேல் எரிச்சல்தான் மிஞ்சும், நடிப்பு போய்விடும்.

அதைவிட நல்ல வழி, நடிகைக்கு ஒரு வேலை கொடுப்பது. பில் கவுண்டரில் பணம் எண்ணட்டும். பேஷண்டுக்கு என்ன உறவு என்று கேட்கும் படிவத்தை நிரப்பட்டும். அழாமல் அந்த வேலையை முடிக்கப் போராடுகிற முகத்தைத்தான் நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். அழுதுகொண்டே தொடங்குகிற முகத்திற்கு மேலே ஏற இடமில்லை.

மூன்று குளோசப் வேண்டாம், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எல்லாம் தூரத்தில், முதுகுப் பக்கம் இருந்து. பைசைக்கிள் தீவ்ஸ் (1948) கடைசியில் அப்பா அழுகிறார். நம்மைக் கொல்வது அந்தக் கண்ணீர் அல்ல, பையன் அதைப் பார்த்துவிடுவதும் அவர் கையைப் பிடிப்பதும்தான். உங்கள் மகளை யார் பார்க்கிறார்கள்? ஒரு நர்ஸ்? பக்கத்துப் படுக்கைக்காரர்? அந்த ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு அப்பா நடிகர் தேவையே இல்லை.

வேம்படி:
மேலே மூவரும் "அழாதே, அடக்கு" என்றே சொல்கிறார்கள். அது ஒரு ருசி, சட்டம் அல்ல. நம் ஊரில் ஒப்பாரி என்று ஒன்று இருக்கிறது, அதில் யாரும் எதையும் அடக்குவதில்லை. ஆனால் கவனித்துக் கேளுங்கள்: அது வெறும் கத்தல் இல்லை. போனவர் என்ன செய்தார், எதை வாங்கித் தந்தார், இனி யார் தருவார் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும். 2 நிமிடம் 20 வினாடி அழுகையில் உங்கள் மகள் "அப்பா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்கிறாள்? அழ வைப்பதென்றால் சொல் கொடுங்கள்.

இன்னொன்று, செலவில்லாதது. இறப்பைப் படத்தின் தொடக்கத்துக்கு நகர்த்திப் பாருங்கள். கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ் (1988) சிறுவன் ரயில் நிலையத்தில் இறப்பதில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் சிரிப்பெல்லாம் நமக்கு வலிக்கிறது. உங்கள் ஸ்கூட்டர் பயணமும் அப்படி மாறலாம்.

மொட்டைமாடி:
கிளிசரின்தான், ஒப்புக்கொள்கிறேன். வசனம் "அப்பா" மட்டும்தான், அதுவும் சரி. ஒரு சந்தேகம்: பழைய வாக்குவாதக் காட்சியோடு புது ஸ்கூட்டர் ஷாட்டைச் சேர்த்தால் வெயில் பொருந்தாது, மகள் தலைமுடியும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

கத்திரிக்கோல்:
முடியைப் பின்னிவிட்டு எடுங்க, வெயிலை கிரேடிங்கில் (நிறம் சரிசெய்யும்போது) ஓரளவு இழுக்கலாம். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல 'கட்'டுக்கு நூற்றுக்குப் போட்ட மதிப்பெண் தெரியுமில்ல: உணர்ச்சி 51, கதை 23, தாளம் 10. கண் பார்வை போகிற இடம், திரைத் தளம், இடத் தொடர்ச்சி மூன்றுக்கும் சேர்த்து மீதி 16தான். உணர்ச்சி சரியா இருந்தா வெயில் கொஞ்சம் பொருந்தாதது பெரிசில்லை.

ஷூட்டுக்கு முன்னாடி ஒரு வேலை. 9:10–11:30ஐ முழுசா நீக்கி, இறப்புச் செய்தியிலிருந்து நேரா சடங்குக்குக் கட் பண்ணி, முன்பு பார்க்காத 5 பேருக்குப் போடுங்க. "அழுகை வந்துச்சா"ன்னு கேட்காதீங்க, மரியாதைக்கு ஆமாம்பாங்க. திரையைப் பார்க்காமல் அவங்க முகத்தைப் பாருங்க, யார் எந்த நிமிடத்தில் அசையறாங்கன்னு எழுதுங்க. முடிஞ்சதும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட வரலைன்னா, வேம்படி சொன்ன மாதிரி வரிசை மாற்றினாலும் பயனில்லை. சேடக் ஷாட் கட்டாயம்.

ஊமைச்சத்தம்:
அந்த அரை நாளில் வண்டியைச் சாய்க்கும்போது வர்ற சத்தத்தையும், வெத்து உதையையும் தனியா, மைக்கைக் கிட்ட வச்சு ஆறேழு முறை பதிவு பண்ணிக்கோங்க. இன்ஜின் ஓடாத உதை வேணும்னா பெட்ரோல் குழாயை மூடிட்டா மட்டும் போதாது, கார்ப்ரேட்டரில் மிச்சம் இருக்கும். பிளக் வயரைக் கழற்றிடுங்க.