சும்பா தீவில் கடற்கரை நிலம்: வாங்கலாமா, வேண்டாமா?

அலைமேடு:
சிங்கப்பூரில் பதினான்கு வருஷமாக வேலை. கையில் இந்தியக் கடவுச்சீட்டு. போன மாதம் இந்தோனேசியாவின் சும்பா தீவுக்குப் போய் வந்தேன். பாலியிலிருந்து தம்போலாகாவுக்கு விமானம், அங்கிருந்து காரில் தென்மேற்குக் கரை. வீட்டுக் கூரைகள் கோபுரம் போல உயர்ந்து நிற்கின்றன, ஒவ்வொரு வாசலிலும் முன்னோரின் கல்லறைப் பாறை. கடற்கரையில் ஈ காக்கா இல்லை. கார் ஓட்டியவரின் உறவினர் 20 ஆர் நிலம் காட்டினார். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பத்திரம் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் இருக்குமாம், எனக்கும் அவருக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம். ஐந்தாறு வருஷம் கழித்து அங்கேயே போய் இருந்துவிடலாமா என்று ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாபக்கணக்கு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது பாஸ்? ஓர் அமெரிக்கப் பயண இதழின் வாசகர்கள் 2016, 2017 இரண்டு வருஷமும் உலகின் முதல் ஹோட்டலாகத் தேர்ந்தெடுத்த நிஹி சும்பா அந்தத் தீவில்தான் இருக்கிறது. பணக்காரர்கள் எங்கே போகிறார்களோ அங்கே பின்னாலேயே நிலவிலையும் போகும். பாலியில் சாங்கு பக்கம் நான் 25 வருஷக் குத்தகைக்கு இடம் எடுத்தபோது சுற்றிலும் நெல்வயல். வயலில் போய் என்ன செய்வாய் என்று கேட்டவர்கள் இப்போது ரூம் தள்ளுபடி கேட்கிறார்கள்.

மேடான்வாசி:
தம்பி அலைமேடு, நான் இந்தோனேசியக் குடிமகன். என் கொள்ளுத்தாத்தா சுமத்ராவின் டெலி பகுதிப் புகையிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். பிழைப்பு ஒரு நோட்டரி அலுவலகத்தில். உங்களிடம் சொன்ன அந்த 'தனி ஒப்பந்தம்' நம் ஊர்ப் பாஷையில் பினாமி. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமை இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் கைக்கு மறைமுகமாகப் போகிற மாதிரி எழுதினால் அது செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. செல்லாது என்பதோடு விடவில்லை, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. அந்தப் பெயர்க்காரர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளுக்கு உங்களை யார் என்றே தெரியாது.

லாபக்கணக்கு:
பாலியில் பாதி வில்லா அப்படித்தான் நிற்கிறது.

மேடான்வாசி:
நிற்கிற வரைக்கும் நிற்கும். முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. ஒன்று, நேரடிக் குத்தகை. இன்னொன்று 'ஹக் பாகாய்' என்ற பயன்பாட்டு உரிமை: 2021 விதிப்படி முதலில் 30 வருஷம், நீட்டிப்பு 20, புதுப்பித்தால் இன்னும் 30. அதற்கு முறையான குடிவரவு ஆவணங்கள் வேண்டும். வீடாக வாங்கினால் மாகாணத்துக்கு ஒரு குறைந்தபட்ச விலையும் உண்டு. அப்புறம் கடற்கரை நிலம் என்கிறீர்களே, உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப் பாதுகாப்புப் பகுதி. உங்கள் 20 ஆரில் எவ்வளவு அதற்குள் விழுகிறது என்று அளந்து பார்த்தீர்களா? நில அலுவலகச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லை ஊர்த்தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம்தானா?

அலைமேடு:
காகிதம்தான். லேமினேட் செய்து வைத்திருந்தார்.

குதிரைவாலி:
லேமினேட் என்றதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நான் மேற்கு சும்பாவில் வைகாபுபாக் நகருக்குப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் ஆறு வருஷமாக இருக்கிறேன். மனைவிக்கு அதுவே சொந்த ஊர். மேடான் அண்ணன் சொன்ன சட்டம் அத்தனையும் சரி. ஆனால் சான்றிதழ் இருந்தால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இங்கே நிலம் 'கபிசு' என்ற குலத்துக்குச் சொந்தம். நம் பங்காளி வகையறா மாதிரி. ஒருவர் விற்றுவிட்டுப் போவார், அடுத்த வருஷம் அவருடைய பெரியப்பா மகன் வந்து எங்கள் தாத்தா கல்லறை இதில் இருக்கிறது என்பார். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

2018 ஏப்ரலில் மேற்கு சும்பாவின் மரோசி கடற்கரையில் ஒரு நிறுவனத்துக்காக நிலம் அளக்கப் போலீஸோடு வந்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் சும்மா போட்டுவைத்த நிலம் என்று ஊர் எதிர்த்தது. துப்பாக்கிச்சூட்டில் ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போனார். கடற்கரை நிலம் என்றால் இங்கே இன்னும் அந்த நினைவோடுதான் பேசுவார்கள்.

சரி, வாழ்வதைச் சொல்கிறேன். மே முதல் நவம்பர் வரை வறட்சி. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, குளிக்கிற தண்ணீரை எண்ணிச் செலவழிக்கப் பழகிவிட்டேன். மலேரியா எனக்கு இரண்டு முறை வந்தது. ஊர் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள், அதில் கெட்டிக்காரர்கள். நெஞ்சு வலி என்றால் பாலிக்கு விமானம் பிடிக்க வேண்டும். தெற்குக் கரையில் வீடு கட்டுகிறவர் 1977ஐயும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும், 8.3 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்த வருஷம்.

ஆனால் காசுக்கு இங்கே வேறு கணக்கு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பன்றியோ எருமையோ கொண்டுபோக வேண்டும். யார் என்ன கொண்டுவந்தார் என்று எல்லாருக்கும் மனப்பாடம். மொய் நோட்டு இல்லாத மொய். முதல் வருஷம் நான் பிஸ்கட் பொட்டலத்தோடு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மனைவிதான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கொட்டிலில் எப்போதும் இரண்டு பன்றி. போன மழைக்காலத்தில் கூரை பிய்ந்தபோது மறுநாள் காலையில் பதினேழு பேர் புல்கட்டோடு நின்றார்கள். பத்திரத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை, எல்லாம் மனைவி பெயர்.

லாபக்கணக்கு:
அண்ணே, உருக்கமாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாம் பாலிக்கும் மலேசியாவுக்கும் கூலிக்குப் போகிறார்களே, அது ஏன்? வெளியிலிருந்து பணம் வந்தால் நாலு பேருக்கு உள்ளூரிலேயே வேலை. விற்கிறவன் விருப்பப்பட்டு விற்கிறான். விற்காதே என்று சொல்ல, அங்கே கல்யாணம் கட்டிப் போன நீங்கள் யார்?

குதிரைவாலி:
நியாயமான கேள்விதான். என் மச்சான் ஒருவரே மகளின் காலேஜ் செலவுக்காக ஒரு துண்டு விற்றார், நான் தடுக்கவில்லை. சிலர் மகனுக்குப் பெண் எடுக்கப் பரிசமாக எருமையும் குதிரையும் கொடுக்க விற்கிறார்கள். விற்ற பணம் இரண்டு மழைக்காலம் தாங்கும். அதற்குப் பிறகு அதே நிலத்தில் வேலி போட்ட ஹோட்டலுக்குக் காவலாளியாகப் போவார். அந்த வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை, சம்பளம் மாதாமாதம் வருகிறது. குத்தகைக்குக் கொடுத்திருந்தால் பேரன் காலத்தில் நிலம் திரும்பி வந்திருக்குமே என்பதுதான் என் ஆதங்கம். பாலியில் உங்கள் நிலக்காரருக்கு அது திரும்பும், இல்லையா?

லாபக்கணக்கு:
திரும்பும். அதுதான் என் தலைவலியே.

மேடான்வாசி:
இதில் நான் குதிரைவாலி கட்சி. பாதிப் பேரம் முடிந்து பங்காளி வந்து நின்ற கதைகளை எங்கள் அலுவலகத்தில் நிறையப் பார்த்தாயிற்று. குத்தகை எடுத்தாலும் கபிசுப் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்து, ஊர்த்தலைவர் முன்னிலையில், நோட்டரியிடம் எழுதுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி.

அலைமேடு:
முன்பணம் கொடுக்க இருந்தேன், நிறுத்திவிட்டேன். குதிரைவாலி அண்ணே, வாங்குவது இருக்கட்டும், ஒரு மாதம் ஊரில் தங்கிப் பார்க்கலாமா? எப்போது வரலாம்?

குதிரைவாலி:
பிப்ரவரியில் வாருங்கள். குதிரைமேல் ஏறி ஒருவர்மேல் ஒருவர் ஈட்டி எறியும் பசோலா சடங்கு நடக்கும் காலம், சாலை முழுக்கச் சேறு, கொசு உச்சத்தில். அப்போதும் பிடித்திருந்தால் பேசலாம். வருகிற வழியில் சந்தையில் பாக்கும் வெற்றிலைக்காயும் சுண்ணாம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே இலையை விட, நீளமான அந்தக் காய்தான் மெல்லுவார்கள். எந்த வீட்டுத் திண்ணையில் ஏறினாலும் முதலில் அதை நீட்ட வேண்டும். தரகரைக் கூட்டி வராதீர்கள்.

லாபக்கணக்கு:
அலைமேடு சார், நீங்கள் வேண்டாம் என்று விட்ட அந்த 20 ஆர் எந்தக் கடற்கரை? தனிச்செய்தியில் அனுப்புங்கள்.