புழல் சிறையில் இருந்து வெளியே வருபவர்களுக்குத் துணைக்குப் போக ஆள் வேண்டும்

வணக்கம். நீண்ட தண்டனை முடித்து வருபவர்களோடு சிம், ஆதார், வங்கி வேலைகளுக்காக அரைநாள் அலைய, செங்குன்றம், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் கை கொடுங்கள்.

சாப்பாடுகூட கிடைத்துவிடும், போன் நம்பர்தான் தலைவலி. மூன்று மாதம் பயன்படுத்தாத சிம் முடங்கி, நம்பர் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம்; போனால் ஆதார் ஓடிபியும் அவருக்கே! முதலில் கைரேகை வைத்துப் புது சிம், பிறகு ஆதார் மையத்தில் நம்பர் மாற்றம். ரேகை தேய்ந்திருந்தால் கருவிழி பார்க்கும் கருவி வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2 வருடம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கும் முடங்கியிருக்கும். கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தால் கட்டணமில்லாமல் திறப்பார்கள்.

வாடகை அறை, வெல்டிங், தையல் வேலை தெரிந்தாலும் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் வழக்கை மறைத்து அறை பிடிக்க வேண்டாம், பின்னால் தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்யச் சொல்வார். வருபவரின் பெயர், வழக்கு விவரம் எதையும் குழுவில் போடாதீர்கள், தனிச்செய்தியில் மட்டும்.