ஹீட்டர் ஹோஸ் ‘ரூட்டிங்’: ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

1967–69 செவ்ரோலே கமாரோ (சிறிய பிளாக் வி-8 என்ஜின், ஏசி இல்லாதது) பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது ‘ஹீட்டர் ஹோஸ் ரூட்டிங்’ இடிக்கிறது. ஹீட்டர் ஹோஸ் என்பது என்ஜினின் சுடுநீரைக் காருக்குள் சூடு தரும் ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ரப்பர் குழாய். வரைவில் ‘திசைவித்தல்’ என்று இருக்கிறது. அது கணினி வலையமைப்புக்குப் போய்விட்ட சொல். திசைவி என்றதும் வீட்டு மூலையில் மினுக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரிப்போம். இங்கே ‘ரூட்டிங்’ என்பது இரண்டு வேலை. எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டும் என்பது ஒன்று. சேர்த்த குழாய் என்ஜின் அறையில் எதை ஒட்டி, எதை விலக்கிப் போக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது பிசகினால் சூடு வராமல் போகலாம். இரண்டாவது பிசகினால் குழாய் தேய்ந்தோ கருகியோ நடுவழியில் தண்ணீரைக் கொட்டும். முதலாவதுக்கு ‘இணைப்பு’, இரண்டாவதுக்கு ‘தடம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

* * *

> முதலாவதுக்கு ‘இணைப்பு’, இரண்டாவதுக்கு ‘தடம்’

சரி. ஆனால் இரண்டு குழாய்க்கும் பெயர் வேண்டுமே. ஏரிப் பாசனத்தில் வரத்துக்கால், போக்குக்கால் என்போம். அதையே எடுத்து வரத்துக் குழாய், போக்குக் குழாய் எனலாம். ஹீட்டர் கோருக்கு ‘வெப்பக் கரு’ வேண்டவே வேண்டாம். அணு உலை போல ஒலிக்கிறது. அது ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். ஹீட்டர் கோர் என்றே இருக்கட்டும்.

* * *

‘வரத்து’ நல்ல சொல். ‘போக்கு’ எனக்கு ஒப்பவில்லை: வீட்டுக் குழாய் வேலையில் அது கழிவுநீரை நினைவூட்டும். இங்கே தண்ணீர் வெளியே போவதில்லை, பம்புக்கே திரும்புகிறது. ஆகவே ‘மீள்குழாய்’. இன்னொன்று, யாருக்கு வரத்து என்று வரையறையிலேயே சொல்லிவிட வேண்டும். என்ஜினிலிருந்து பார்த்தால் பெயர் தலைகீழாகிவிடும். ஹீட்டர் கோர்தான் அளவுகோல்.

இந்த என்ஜினில் வரத்துக் குழாய் 5/8 அங்குலம். இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றும் எரிபொருளும் கொண்டுபோகும் வார்ப்பு) முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்கு (என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் தடுக்கும் வால்வு) கீழே உள்ள நீர்வழியிலிருந்து கிளம்பும். மீள்குழாய் 3/4 அங்குலம். வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே சுடுநீர் கோருக்குப் போவது, வரத்து அதற்குக் கீழே கிளம்புவதால்தான். வேறு மேனிஃபோல்டு மாட்டியவர்கள் வரத்தைத் தெர்மோஸ்டாட்டுக்கு மேலே எடுத்துவிட்டால், அது திறக்கும்வரை காருக்குள் குளிர் காற்றுதான்.

அளவு வேறுபடுவதால் குழாய் மாறாது என்று நினைக்க வேண்டாம். 3/4 குழாயை 5/8 முனையில் செருகி கிளிப்பை இறுக்கிவிடுவார்கள். ரப்பர் ஓரிடத்தில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் வழியே நீர் கசியும்.

* * *

பெயர் சரியா என்று பார்க்க ஒரு பழுதுக் குறிப்பில் போட்டுப் பார்த்தேன்:

“என்ஜின் சூடானபின் இரு குழாயையும் ஃபயர்வால் (என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தகடு) அருகே தொட்டுப் பார்க்கவும். வரத்தும் மீளும் சுட்டால் கோரில் குறையில்லை. காற்றுக் கதவை (காற்றைக் கோர் வழியே திருப்பிவிடும் தட்டு) பார்க்கவும். வரத்து சுட்டு மீள் குளிர்ந்தால் கோர் அடைப்பு அல்லது காற்றடைப்பு. இரண்டும் குளிர்ந்தால் கோருக்குத் தண்ணீரே வரவில்லை.”

இடறாமல் வாசிக்க முடிகிறது. ‘மீளும்’ மட்டும் வினைச்சொல்லாகப் படுகிறது, அங்கே ‘மீள்குழாயும்’ என்று முழுதாக எழுதலாம்.

‘தடம்’ பற்றி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து போதிய விலகல், ஃபேன் பெல்ட்டிலும் ஆக்சிலரேட்டர் இணைப்பிலும் உரசாமை, அசைந்து தேயாதபடி இடையில் ஒரு பிடி. இவையெல்லாம் ‘தடம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். ‘கிங்க்’குக்கும் ஒரு சொல் தேவை. ஃபயர்வால் அருகே நேர்க்குழாயை வலுவில் வளைத்தால் குளிரில் உருண்டையாகவே தெரியும். சூடேறி ரப்பர் இளகியபின்தான் மடிந்து அடைபடும். ஆகவே வெறும் ‘மடிப்பு’ போதாது, ‘அடைமடிப்பு’ என்கிறேன். அங்கே வார்ப்பு வளைவுக் குழாய் போடுவதே தீர்வு.

* * *

அடைமடிப்பு அருமை, எடுத்துக்கொண்டேன்.

‘நிப்பிள்’ (குழாயைச் செருகும் முனை) விட்டுப்போயிற்று. கெண்டிக்கு மூக்கு உண்டு, இதற்கும் ‘மூக்கு’ போதும். கோரின் மூக்கு மெல்லிய பித்தளை, ஈயப்பற்றில் நிற்பது. பழைய குழாயைத் திருகி இழுத்தால் பற்று விரிசல் விடும். கசிவு காருக்குள் கார்பெட்டில் இறங்கும். கத்தியால் நீளவாக்கில் 25 மி.மீ. கீறி, வாழைப்பழத் தோல்போல உரித்தெடுக்க வேண்டும். கத்தி பித்தளையில் கோடு போடக்கூடாது.

* * *

‘மூக்கு’க்கு என் ஓட்டும். அதன் நுனியருகே உள்ள புடைப்புக்குத் ‘தடிப்பு’ எனலாம். கிளிப் தடிப்பின் மேல் உட்காரக்கூடாது. குழாய் தடிப்பைத் தாண்டி உள்ளே ஏறியபின், தடிப்புக்கும் குழாயின் விளிம்புக்கும் இடையில், விளிம்பிலிருந்து 3 மி.மீ. விட்டு இறுக்க வேண்டும். ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியே பிதுங்கத் தொடங்கினால் இறுக்கம் கூடிவிட்டது.