தளர்வா, ஆறலா, தணிவா? எலெக்ட்ரான் பாத்திகளுக்குச் சொல் தேடி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒழுங்கு குலைந்த எலெக்ட்ரான் கூட்டம் எப்படி மெல்ல அடங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒழுங்கான பகுதிகளைக் கட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி இளநிலை மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். இரண்டு சொற்களில் எழுத்து நின்றுவிட்டது. ஒன்று, இப்படி அடங்குவதைக் குறிக்கும் ரிலாக்சேஷன்; மற்றொன்று, அந்த ஒழுங்கான பகுதியைக் குறிக்கும் டொமைன்.

முதற்சொல்லுக்குத் 'தளர்வு' என்றுதான் நானும் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி விடைத்தாளில், 'லேசர் துடிப்பு பட்டபின் எலெக்ட்ரான்கள் தளர்ந்து, வலுவிழந்து, படிக அமைப்பை விட்டு விலகுகின்றன' என்று எழுதியிருந்தாள். நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆனால் தவறு அவளுடையது அன்று; தமிழில் உடல் தளர்கிறது, கட்டு தளர்கிறது, பிடி தளர்கிறது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதுவாள்? இந்த எலெக்ட்ரான்களோ கிளர்ச்சி அடங்க அடங்க ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன.

டான்டலம் டைசல்பைடு என்ற அடுக்குப் படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதைக் குளிர்விக்கும்போது ஏறத்தாழ 180 கெல்வினில் டான்டலம் அணுக்கள் படிகமெங்கும் பதின்மூன்று பதின்மூன்றாகக் கூடி, நடுவே ஒன்றும் சுற்றிலும் பன்னிரண்டுமாக நட்சத்திர வடிவம் கொள்கின்றன. நட்சத்திரத்துக்கு ஓர் எலெக்ட்ரான் என்ற கணக்கில் மின்னூட்டம் அங்கங்கே நிலைகொள்கிறது. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டாலும் அதில் ஒரு பங்கைவிடக் குறைவாக நீடிக்கும் லேசர் துடிப்பு இந்த ஒழுங்கைக் குலைக்க வல்லது. குலைந்தது மீளும்போது எங்கும் ஒரே சீராக மீள்வதில்லை. 2014-இல் சுலோவேனியாவின் லியுப்லியானாவைச் சேர்ந்த குழு காட்டியதுபோல, குறைந்த வெப்பநிலையில் அது பழைய நிலைக்கே திரும்பாமல், வழக்கமான குளிர்விப்பில் கிட்டாத வேறொரு நிலையில் சிக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்துவிடுவதும் உண்டு.

இதற்கு நான் முன்வைப்பது 'ஆறல்'. சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. மூன்றிலும் ஒரு குலைவு தானாக, காலம் எடுத்துக்கொண்டு அடங்குகிறது. 'ஆறல் காலம்' என்றால் விளக்கமே வேண்டாம். ஆறாமலே உறைந்துபோகும் எலெக்ட்ரான்களுக்கும் இது வசதியானது. இந்தியம் ஆக்சைடு படலங்களில் மின்கடத்துதிறன் மணிக்கணக்கில், நாள்கணக்கில், மடக்கை வேகத்தில், அதாவது போகப்போக மேலும் மெதுவாக, தேய்ந்துகொண்டே போவதை அளந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எலெக்ட்ரான் கிளாஸ் எனப்படும் அந்நிலையை 'எலெக்ட்ரான் கண்ணாடி' என்று எழுதினால் மாணவர் மூக்குக்கண்ணாடியை நினைப்பார். குழித்துறை ஆற்றில் மழைக்குப்பின் கோரிய நீர், குடத்தில் தெளிவதற்கு முன்பே அப்படியே உறைந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட நிலை அது. 'உறைகலங்கல்' என்று சொல்லிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது டொமைன். கணக்குப் பாடத்தில் அது மதிப்பகம், சார்பகம், இணையத்தில் ஆள்களம், காந்தவியலில் டொமைன் என்றே விட்டுவிடுவதும் உண்டு. இவற்றுள் எதுவும் இங்கே ஒட்டாது. நமக்கு வேண்டியது பகுதிக்கு மட்டுமான பெயர் அன்று. இரண்டு பகுதிகள் முட்டிக்கொள்ளும் கோட்டுக்கும் பெயர் வேண்டும். இந்த இயலில் பாதிக் கதை அந்தக் கோட்டில்தான் நடக்கிறது. ஆகவே புத்தளம் உப்பளத்துப் 'பாத்தி'யையும் 'வரப்பை'யும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சொன்னவுடன் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும் இணைச்சொற்கள் அவை. தங்கள் கருத்தை எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

* * *

அன்புள்ள அண்ணாச்சி,

தங்கள் மடலைப் படித்தேன். உறைகலங்கல் மிக நன்று. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஆறல் அச்சில் நம்மைக் கவிழ்க்கும். 'ஆற்றல் ஆறல்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒரு புள்ளியெழுத்து விட்டுப்போனால் ஆற்றல் ஆறலாகிவிடும், கூடிவிட்டால் ஆறல் ஆற்றலாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவருக்கும் புலப்படாது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். காய்ச்சலும் கோபமும் தணிவதுபோலத் 'தணிவு' என்று வைத்துக்கொள்ளலாமே?

பாத்தியில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. உப்பளத்தில் முதலில் வரப்பு போடுகிறார்கள், பிறகுதான் பாத்தி உண்டாகிறது. எலெக்ட்ரான்களுக்கு வரப்பு போட்டுக்கொடுக்க ஆள் யார்? அங்கே பகுதி முதலில் தோன்றி, வளர்ந்து, அண்டைப் பகுதியோடு முட்டும்போதுதான் கோடு உண்டாகிறது. தானாகத் தோன்றும் 'திட்டு' பொருத்தமில்லையா? ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்திட்டை யாரும் கட்டுவதில்லை. வயலுக்கு நம் ஊரில் வழங்கும் 'கண்டம்' என்பதையும் நினைத்தேன். ஆனால் சாதகம் பார்க்கிறவர்கள் எலெக்ட்ரானுக்குக் கண்டம் என்றால் வேறு பொருள் கொள்வார்கள்.

தக்கலையிலிருந்து

* * *

அன்புள்ள தம்பிக்கு,

ஆறலை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்தான். தங்கள் மடல் வந்தபின் என் கைப்படியைத் திரும்பப் பார்த்தேன். நான்காம் பக்கத்திலேயே 'ஆறல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆற்றல்' என்று எழுதியிருக்கிறேன், மூன்றுமுறை படித்தும் கண்ணில் படவில்லை. தணிவு என்றே வைத்துக்கொள்வோம். தணிவுக் காலம் என்பதும் நாவில் தங்குகிறது.

திட்டு பற்றிய தங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். குலைந்த பரப்பின் நடுவே ஒழுங்கு முதன்முதலில் முளைக்கும் கட்டத்தில் அது திட்டுதான்; சுற்றிலும் நீர் இருக்கும்வரை திட்டு என்ற சொல்லுக்கு வேலை உண்டு. திட்டுகள் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டி, இடையில் குலைந்த பரப்பே இல்லாமற்போனபின் அச்சொல் நிற்காது. நீரில்லாத இடத்தில் எதைத் திட்டு என்பது? அங்கிருந்து பாத்தி.

வரப்பை ஆள் போடுவதில்லை என்பது சரியே. ஓட்டு வீடு மேயும்போது இரண்டு பேர் இரண்டு ஓரங்களிலிருந்து ஓடு அடுக்கிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வகை ஓட்டைத்தான், ஒரே முறையில்தான் அடுக்கினார்கள். தொடங்கிய இடம் நான்கு விரல் மாறியதால் நடுவில் ஓட்டோடு ஓடு ஒட்டாமல் ஒரு வரிசை நிற்கிறது. டான்டலம் படிகத்தில் அந்தத் தொடக்க இடம் பதின்மூன்று விதமாக அமையலாம், ஏனென்றால் பதின்மூன்று அணுக்களில் எது வேண்டுமானாலும் நட்சத்திரத்தின் நடுவாக முடியும். பாத்திகள் தம்முள் வேறுபட்டவை அல்ல, இடம் பெயர்ந்தவை. இதை மாணவருக்குச் சொல்ல ஓட்டுக்கூரையைக் காட்டுவேன்; பெயர் மட்டும் வரப்பாகவே இருக்கட்டும். வரம்பு என்ற சொல்லின் மருவுதானே அது, எல்லை என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

வரப்பு என்ற சொல் இன்னொரு சிக்கலையும் தீர்த்துவைக்கிறது. பாத்திகள் காலப்போக்கில் பெரிதாகும் நிகழ்வுக்கு என் பழைய குறிப்பில் 'பாத்திப் பெருக்கம்' என்று எழுதியிருந்தேன். அது பெரும்பிழை. பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவது. இங்கே எண்ணிக்கை குறைகிறது, அளவுதான் கூடுகிறது. பாத்திகள் பெருகுவதில்லை, பெருக்கின்றன என்று இலக்கணம் பேசலாம். வகுப்பில் அது எடுபடாது. 'வரப்பழிவு' என்று சொல்லிவிட்டால் காரணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது, ஏனென்றால் வரப்பின் நீளத்துக்கேற்ப ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவைக் குறைக்கவே வளைந்த வரப்புகள் நேராகின்றன, சிறு பாத்தியைச் சுற்றிய வரப்பு சுருங்கி அந்தப் பாத்தியோடு சேர்ந்து மறைகிறது. தடையேதும் இல்லாத எளிய மாதிரியில் பாத்தியின் அகலம் காலத்தின் இருமடி மூலத்தைப் பின்பற்றுகிறது. அகலம் இரட்டிக்க வேண்டுமானால் நான்கு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். ஒழுங்கை அளக்கும் அளவின் மொத்தம் மாறக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் மும்மடி மூலம், அதாவது எட்டு மடங்கு காலம். படிகத்தில் மாசும் பழுதும் இருந்தால் வரப்பு அவற்றில் மாட்டிக்கொள்கிறது, வளர்ச்சி மடக்கை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கேதான் வரப்பழிவு நின்று உறைகலங்கலை நோக்கிப் போகிறது.

எலெக்ட்ரான்கள் மாசில்லாத இடத்தில் தாமாகவே ஒழுங்கு கொள்ளும் என்று இயற்பியலாளர் விக்னர் 1934-இலேயே சொன்னதையும், 1979-இல் திரவ ஹீலியத்தின் பரப்பில், அரை கெல்வினுக்கும் குறைந்த வெப்பநிலையில் கிரைம்சும் ஆடம்சும் அதைக் கண்டதையும் முன்னுரையில் சேர்க்கிறேன். அங்கே நமக்குப் புதிய சொல் எதுவும் தேவைப்படவில்லை. எலெக்ட்ரான் படிகம் என்றாலே போதும்.

இனி கட்டுரையின் முதற்பத்தி இவ்வாறு தொடங்கும்: 'லேசர் துடிப்பால் கிளர்ந்த எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலைப் படிகத்துக்குக் கொடுத்துத் தணிகின்றன, தணியும்போதே ஒழுங்கு திட்டுத்திட்டாக முளைத்து, திட்டுகள் முட்டிப் பாத்திகளாகி, வரப்புகள் அழிய அழியப் பாத்திகள் விரிகின்றன.' இதில் தங்களுக்கு இடறும் சொல் எது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து