அக்காவின் மகன் தகப்பனைப் போல வந்துவிடுவானா?

மானிப்பாய்ச் சின்னம்மா:

வணக்கம். என் அக்காவின் மகன் எங்களோடு இருந்து படிக்கிறான். வயது 14. அக்காவுக்குக் கொழும்பில் வேலை. அத்தான் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்த காலத்தில் குடியும் அடியும்தான். அக்காவுக்குக் கையால், பெடியனுக்கு பெல்ட்டால்.

எங்கள் வீட்டில் யாரும் அவன்மேல் கை வைப்பதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஓயாத சண்டை. போன தவணை ஒருவனைக் கொம்பாஸ் பெட்டியால் அடித்து, அந்தப் பிள்ளைக்கு நெற்றியில் தையல். ரியூசனுக்கு என்று சைக்கிளை எடுத்தால் கோட்டைப் பக்கம் நிற்கிறான் என்று ஆட்கள் வந்து சொல்கிறார்கள். அண்டைக்குப் போனைப் பறித்ததற்குப் புட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். கொஞ்ச நேரம் போக, ஒருவரும் சொல்லாமலே வந்து, சிந்தின புட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, சுவரையும் துடைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமி அவன் காதுபடவே, "தேப்பன்ர ரத்தம். விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமே?" என்கிறா. எனக்கு ஒரு மகன் இருக்கிறான், வயது 11. அதே வீடு, அதே சாப்பாடு, அவனிடம் ஒரு குழப்படியும் இல்லை. அதனால் மாமி சொல்வது சரியோ என்று எனக்கும் ஓடுகிறது. இது ஜீனிலேயே இருக்கிறதா? பார்க்க ரத்தப் பரிசோதனை ஏதும் உண்டா? வாள்வெட்டுக் கூட்டங்களைப் பற்றிப் பேப்பரில் வாசித்தால் எனக்கு நித்திரையே வருவதில்லை.

வடமராட்சியான்:

நாலு பூவரசந்தடி முறிந்தால் எல்லாம் சரிவரும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள், நாங்கள் என்ன கெட்டா போனோம்? அடியாத மாடு படியாது.

உயிரியல் வாத்தி:

வடமராட்சியான் அண்ணை, அந்தப் பெடியன் பெல்ட் கண்டவன். அடியால் திருந்துவதென்றால் அவன் இவ்வளவுக்குச் சாமியாராகியிருக்க வேண்டும்.

தங்கச்சி, நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. பிறப்புரிமையியல் பாடம் தொடங்கினால் பெடியள் கேட்கிற முதல் கேள்வியே "கோபம் பரம்பரையா சேர்?" என்பதுதான். ஓம், ஓரளவுக்குப் பரம்பரைதான். இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சண்டை, களவு, பொய் போன்றவற்றில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 வீதம் பரம்பரையலகுகளால், அதாவது நீங்கள் கேட்ட ஜீன்களால், வருவது. ஆனால் அது ஒரு பெரிய கூட்டத்துக்குப் போட்ட கணக்கு. உங்கள் பெடியனின் கோபத்தில் பாதி தகப்பன், பாதி பெல்ட் என்று கூறுபோட அது உதவாது.

மாமியின் ரத்தக் கதைக்கு வருவோம். முரட்டுத்தனத்தோடு சேர்த்து உலகத்தில் அதிகம் பேசப்பட்ட பரம்பரையலகு, மோனோ அமைன் ஒக்சிடேஸ் ஏ என்ற நொதியத்துக்குரியது. மூளையில் செரட்டோனின் போன்ற பொருட்களை உடைப்பது அதன் வேலை. 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில், அது அடியோடு வேலை செய்யாத ஆண்கள் திடீர் திடீரென்று மூர்க்கமாவதைக் கண்டுபிடித்தார்கள். அது மிக அரிதான குறைபாடு. ஆனால் அந்த அலகு இருப்பது, அலகுகளைச் சுமக்கிற நிறமூர்த்தங்களில் எக்ஸ் என்பதில். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும், தகப்பன் கொடுப்பது வை. ஆகவே அத்தான் விரும்பினாலும் அதைத் தன் மகனுக்குக் கொடுத்திருக்க முடியாது. இதை மாமியிடம் சொல்லிவிடாதேங்கோ, பிறகு உங்கள் அக்காவின் பக்கம் திரும்பிவிடுவா.

அந்த அலகு முழுதாகப் பழுதாகாமல் கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1037 பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே பின்தொடர்ந்து வருகிறார்கள். காஸ்பி, மொஃபிட் என்ற இருவரும் கூட்டாளிகளும் அந்தப் பெடியங்களின் கணக்கை 2002இல் வெளியிட்டார்கள். மந்தமான அலகும் இருந்து, சிறுவயதில் வதைபட்டும் வளர்ந்தவர்கள் ஆண்களில் 12 வீதம்தான். ஆனால் வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 வீதம் அவர்களுடையது. அதே அலகோடு வதைபடாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருக்கவில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே விடையைத் தரவில்லை. இந்த விஷயத்தில் ஒற்றை அலகு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, எக்கச்சக்கமான அலகுகள் துளித்துளியாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. அதனால் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. யாராவது காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதேங்கோ.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் புட்டுக் கோப்பைதான். இங்கிலாந்து, வேல்ஸ் இரட்டையரில் ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. செய்த பிழைக்கு வருந்தாத, மற்றவன் அழுதாலும் அசையாத குழப்படிக்காரரில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது. அப்படி இல்லாத குழப்படிக்காரரில் அது பாதியிலும் குறைவு, மிச்சம் சூழல். சொல்லாமலே வந்து புட்டுப் பொறுக்கினவன் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் மனம் கல்லானவன் செய்கிற வேலையாக எனக்கு அது படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையின் குணம் வளர்ப்பையே மாற்றிவிடும். பிறப்புத் தாய்தகப்பனிடம் இப்படியான பிரச்சினை இருந்த தத்துப்பிள்ளைகளை அமெரிக்காவில் பார்த்தபோது, வளர்த்தவர்கள் அவர்களிடம் கூடுதலாகக் கடுமை காட்டியிருந்தார்கள். பிள்ளை துள்ளும், பெரியவர் கத்துவார், பிள்ளை இன்னும் துள்ளும். உங்கள் வீட்டில் இதற்குமேல் மாமியின் தீர்ப்பும் நாள்தோறும் காதில் விழுகிறது. தகப்பன் ஒன்றைச் செய்துவிட்டுப் போனார், அதை நீங்கள் மாற்ற முடியாது. மாமி சொல்வதை மாற்றலாம்.

உங்கள் மகனோடு ஒப்பிடுவதை விடுங்கோ. ஒரே வீடு என்பது இப்போதுதான். பெல்ட் விழுந்த வருடங்களில் உங்கள் மகன் எங்கே இருந்தான்?

சாவகச்சேரித் தாதி:

வாத்தியார் சொன்னதோடு சேர்த்து ஒன்று. 2005இல் வடக்குக் கிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். போரை அதிகம் கண்ட பிள்ளைக்கும், தகப்பன் குடிக்கிற பிள்ளைக்கும் வீட்டிலும் கூடுதலாக அடி விழுந்திருந்தது. உங்கள் அத்தான் போர்க்காலத்தில் வளர்ந்தவராக இருந்தால் அவருக்குள்ளும் என்னென்ன கிடந்ததோ. அதற்காக அவர் செய்தது சரியாகாது.

அக்கா, பெடியன் இரவில் எப்படிப் படுக்கிறான்? சத்தம் கேட்டால் திடுக்கிடுவானா? சும்மா இருக்கிற நேரத்திலும் கால் ஆடிக்கொண்டே இருக்குமா? திடுக்கிடுகிறான் என்றால் பயம் இன்னும் உடம்பிலேயே இருக்கிறது. கால் ஆடுகிறது என்றால், மனம் ஓரிடத்தில் நிற்காத அவதானக் குறைபாடாக இருக்கலாம், அதற்கு மருந்தும் உண்டு. இரண்டையும் வெளியில் பார்க்கிறவர்கள் குழப்படி என்றுதான் சொல்வார்கள்.

மானிப்பாய்ச் சின்னம்மா:

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, படலைச் சங்கிலி ஆடினாலே எழும்பிக் குந்திவிடுவான். விறாந்தை லைட்டை நிற்பாட்ட விடமாட்டான். கரண்ட் பில்லுக்காக மாமி அதற்கும் ஏசுகிறா. நான் அதை இதோடு சேர்த்து நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றால் "எனக்கு விசரா?" என்று கேட்பான். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

சாவகச்சேரித் தாதி:

நித்திரைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போங்கோ, அது பொய்யும் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு ஒன்றும் இல்லை. படலைச் சத்தம், லைட், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவன் முன்னால் வாயால் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் 1926க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல உதவி எண். லைட் எரியட்டும்.

உயிரியல் வாத்தி:

வகுப்பாசிரியரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கோ. முழுக்கதையும் வேண்டாம். பின்னால் வந்து தோளில் தட்டக்கூடாது, எல்லார் முன்னாலும் எழுப்பி ஏசக்கூடாது, இவ்வளவு போதும். தலை வெடித்த பெடியனின் வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய் வாருங்கோ. புட்டுப் பொறுக்கத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன செய்வதென்றும் தெரியும்.

வடமராட்சியான்:

பெல்ட் விஷயத்தை நான் வடிவாக வாசிக்கவில்லை. சரி, தடி வேண்டாம். ஆனால் போனைக் குடுக்காதேங்கோ.