8 அங்குல ஹூப்பில் 'நல்வரவு': வினைல் ஓரம் தூக்குது, துணி சுருங்குது

பட்டுநூல் (கேள்வி)

8 அங்குல மூங்கில் எம்ப்ராய்டரி ஹூப், காடாத்துணி, கறுப்பு அயர்ன்‑ஆன் வினைல் (சூடு வெச்சா துணியில ஒட்டற தாள்). நடுவில் 'நல்வரவு', கீழே வளைவா ஒரு கொடி. சுவரில் மாட்ட. வினைல் வெட்டற மெஷினில் வெட்டியாச்சு, ஒட்டறதுலதான் சிக்கல்.

மேல் பிளாஸ்டிக்கை உரிக்கும்போது 'ல்' மேல இருக்கிற புள்ளியும் கொடியோட நுனிகளும் பிளாஸ்டிக்கோடயே வந்துடுது. தப்பிச்சு ஒட்டினதும், ஹூப்பில் மாட்டி இழுத்தா எழுத்தைச் சுத்திச் சுருக்கம். மெஷின் சாஃப்ட்வேரில் தமிழ் டைப் பண்ணினா 'வு'ல வகரம் தனியா, உகரக் குறி தனியா உடைஞ்சு வருது. அதனால படமா எடுத்து டிரேஸ் பண்ணித்தான் வெட்டினேன், ஓரமெல்லாம் பிசிறு.

ஹீட் பிரஸ் (சூட்டோட அழுத்தி ஒட்டற மெஷின்) கிடையாது, வீட்டு ஸ்டீம் அயர்ன்தான். முதல்ல ஒட்டிட்டு மாட்டணுமா, மாட்டிட்டு ஒட்டணுமா? பின்பக்கத் துணியை எப்படி முடிக்கிறது?

இழைக்கணக்கு

புள்ளி ஒட்டாததற்கு முதல் சந்தேகம் ஸ்டீம் அயர்ன் மேல்தான். அடித்தட்டில் துளை இருக்கும் இடத்தில் அழுத்தமும் இல்லை, சூடும் குறைவு. சிறிய புள்ளி சரியாகத் துளைக்கு அடியில் போய் உட்கார்ந்தால் ஒட்டவே ஒட்டாது. துளையில்லாத கனமான பழைய டிரை அயர்ன் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். ஸ்டீம் அயர்ன்தான் என்றால் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை வையுங்கள், இரண்டாவது முறை 2 செ.மீ. தள்ளி. துணி தேய்ப்பதுபோல் இழுக்கக் கூடாது. வைத்து, இரண்டு கையாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, நேராகத் தூக்கி, அடுத்த இடம்.

சூடு: சைசர் ஈஸிவீட் மாதிரி வழுவழுப்பான வினைலுக்கு ஹீட் பிரஸ்ஸில் 150 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி. அயர்ன் பாக்ஸில் டிகிரி போட்டிருக்காது, புள்ளிக் குறிதான். இரண்டு புள்ளி 150 டிகிரி அளவு, மூன்று புள்ளி 200. அதன் தெர்மோஸ்டாட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அழுத்தமும் பிரஸ் அளவுக்கு வராது. ஆகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வைத்து, இடத்துக்கு 20 விநாடி கொடுங்கள். முழு மூன்று புள்ளியில் வைத்தால் வினைல் சுருங்கி ஓரத்தில் பசை வெளியே கசியும். தேய்ப்புக் கடைக் கரிப்பெட்டியில் வைத்துத் தரச் சொல்லாதீர்கள், அதன் சூட்டுக்கு அளவே கிடையாது.

அடியில் என்ன வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கட்டில் மெத்தையும் இஸ்திரி மேசையின் பஞ்சும் அழுத்தத்தை விழுங்கிவிடும். கடப்பாக் கல், கிரானைட் மேடை சூட்டை உறிஞ்சிவிடும். மரப்பலகை மேல் பழைய வேட்டியை இரண்டாக மடித்து விரித்தால் போதும்.

காடாத்துணி கஞ்சியோடு வரும். அப்படியே ஒட்டினால் பசை நூலைப் பிடிக்காமல் கஞ்சியைப் பிடிக்கும். முதலில் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி சேர்க்க வேண்டாம், அதன் படலம் பசையைத் தடுக்கும். ஒட்டும் முன் வெறும் துணியை 5 விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். மழை நாளில் 10.

உரிப்பது கடைசிச் சோதனை. துணியின் இழைப்பின்னல் வினைல் மேல் லேசாகப் பதிந்து தெரிந்தால் பிடித்துவிட்டது. சூட்டோடு உரிக்கும் ரகமா, ஆறவிட்டு உரிக்கும் ரகமா என்று வாங்கிய உறையைப் பாருங்கள். ஆறவிட வேண்டியதைச் சூட்டில் இழுத்தால் நீங்கள் சொன்னதேதான் நடக்கும். பிளாஸ்டிக்கை மேலே தூக்காமல், அதன் மேலேயே மடித்துப் படுக்கைவாக்கில் இழுங்கள். நுனி எழுந்தால் நிறுத்தி, பழையபடி படியவிட்டு இன்னொரு 10 விநாடி. எல்லாம் உரித்தபின் பேக்கிங் பார்ச்மென்ட் தாள் போட்டு ஒருமுறை, துணியைத் திருப்பிப் பின்பக்கம் 15 விநாடி ஒருமுறை. மெழுகுத் தாள் போட்டால் மெழுகு உருகிக் கறையாகிவிடும்.

சுழிக்கோலம்

எழுத்துப் பிரச்சினைக்கு வரேன். மெஷின் சாஃப்ட்வேர்ல தமிழ் டைப் பண்ணவே வேண்டாம். இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர் இலவசம், தமிழை ஒழுங்கா காட்டும். அதுல டைப் பண்ணி, 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அப்புறம் அன்குரூப், கடைசியா 'யூனியன்'. எஸ்.வி.ஜி. கோப்பா சேமிச்சு, மெஷின் சாஃப்ட்வேர் கிரிகட் டிசைன் ஸ்பேஸ்னா அதுல ஏத்தலாம். சில்ஹவுட் ஸ்டுடியோ இலவசப் பதிப்புன்னா எஸ்.வி.ஜி. திறக்காது, டி.எக்ஸ்.எஃப்.ஆ சேமிங்க. யூனியன் பண்ணாம விட்டா எழுத்தும் குறியும் மேலமேல ஏறின இடத்துல கத்தி குறுக்கே வெட்டிடும்.

எழுத்துருவில் கோடு தடிமனா இருக்கணும். பாலூ தம்பிங்கற எழுத்துரு நல்லா உருண்டு தடிமனா இருக்கும், துணிக்குப் பொருத்தம். கேட்டமரன் எழுத்துருன்னா போல்டைவிட மெல்லிசா போகாதீங்க. கோட்டு அகலம் 2 மி.மீ.க்குக் குறைஞ்சா உரிக்கறப்பவே கிழியும். யூனியனுக்கு முன்னாடி புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து 4 மி.மீ. வர்ற அளவுக்குப் பெரிசாக்குங்க, கண்ணுக்கு உறுத்தாது. சிலர் புள்ளியை லகரத்தோட ஒட்டவெச்சுடுவாங்க. எழுத்தே மாறின மாதிரி தெரியும், வேண்டாம்.

நுனி பிளாஸ்டிக்கோட வர்றதுக்கு இன்னொரு காரணம் கத்தி ஆழம். பளபளப்பான பிளாஸ்டிக் பக்கம் கீழ்நோக்கி, மெஷினோட வெட்டும் பாய் மேல படிஞ்சு இருக்கணும், வினைல் மட்டும் வெட்டுப்படணும். பிளாஸ்டிக்கும் கீறுப்பட்டா வினைல் ஓரம் அந்தக் கீறல்ல மாட்டிக்கும், எவ்வளவு சூடு காட்டினாலும் நுனி அதோட வரும். ஒரு ஓரத்துல 1 செ.மீ. முக்கோணம் வெட்டி உரிச்சுப் பாருங்க. விரல் நகத்தால தடவினா பிளாஸ்டிக்ல பள்ளம் தட்டுப்பட்டா அழுத்தத்தை ஒரு படி குறைங்க. வெட்டறதுக்கு முன்னாடி 'மிரர்' (இடவலம் திருப்பறது) போட மறக்காதீங்க, 'ர' திரும்பி நின்னா அந்த ஷீட் போச்சு.

மூங்கில்வளையம்

ஒட்டிவிட்டு மாட்டுங்கள். ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வெறும் துணியை மாட்டுங்கள், அங்கேதான் சூட்சுமம். 12 அங்குலச் சதுரத் துணி எடுத்து, திருகு 12 மணி நிலையில் இருக்க மாட்டி, உள்வளையத்தைப் பின்பக்கமாகப் பென்சிலால் வரைந்து நடுப்புள்ளியைக் குறித்துக் கழற்றுங்கள். டிசைன் அந்த வட்டத்துக்குள் 6 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

சுருக்கம் வருவதற்குக் காரணம், துணி இழுபடும், வினைல் இழுபடாது. எழுத்தின் ஓரத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. டெய்லர் சாமான் கடையில் காலருக்கு விற்கும் ஒட்டு கேன்வாஸில் மிக மெல்லியதை 7½ அங்குல வட்டமாக வெட்டி, வினைலுக்கு முன்பே துணியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். துணி தளராது, பின்னாலிருக்கும் சுவர் நிறமும் தெரியாது. மாட்டும்போது திருகைப் பாதி இறுக்கி மேல், கீழ், இடம், வலம் என்று நூலோட்டத்தில் மட்டும் இழுங்கள். மூலைவாட்டில் இழுத்தால் 'நல்வரவு' சாய்ந்துவிடும். பிறகு முழுக்க இறுக்குங்கள்.

பின்பக்கம்: ஓரம் 1 அங்குலம் விட்டு வெட்டி, இரட்டை நூலில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி முடிச்சிடுங்கள். மேலே ஃபெல்ட் வட்டம் வைத்துத் தைத்தால் சுத்தமாக இருக்கும். ஹாட் குளூ சீக்கிரம் முடியும், ஆனால் தளர்ந்தால் மறுபடி இழுக்க வழியில்லை. வளையத்துக்கு அக்ரிலிக் அடிப்பதென்றால் வெளிவளையத்தின் வெளிப்பக்கம் மட்டும். உட்புறம் அடித்தால் துணியோடு சேர்ந்து உள்வளையம் ஏறாது.

சுழிக்கோலம்

மாட்டிட்டு ஒட்டறதும் முடியும். உள்வளையத்துக்குள்ள அடங்கற மாதிரி வட்டமா ஒரு பிளைவுட், வளைய உயரத்தைவிட 2 மி.மீ. கூடுதலா. அதை அடியில கொடுத்தா துணி ஏற்கெனவே இழுபட்டே இருக்கும், சுருக்கத்துக்கு இடமில்லை, நடுவும் தப்பாது.

மூங்கில்வளையம்

4 அங்குல டிசைனுக்குச் சரி. 6 அங்குலத்துக்கு அயர்ன் பாக்ஸ் விளிம்பு வளையத்தின் மேல் ஏறி நிற்கும், ஓர எழுத்துக்கு அழுத்தம் போகாது. திருகும் குறுக்கே வரும். பிளாஸ்டிக் ஹூப் என்றால் வளைந்தே போகும்.

பட்டுநூல்

கேன்வாஸ் வாங்கிடறேன். கொடியை மட்டும் தங்க கிளிட்டர் வினைல்ல வெக்கலாமா? கறுப்பு எழுத்து மேல ஒரு இலை ஏறுது.

இழைக்கணக்கு

வைக்கலாம். கிளிட்டர் எப்போதும் மேல் அடுக்காகத்தான் இருக்க வேண்டும், அதன் சொரசொரப்பில் வேறு வினைல் ஒட்டாது. முதலில் கறுப்பை 5 விநாடி மட்டும் வைத்து உரியுங்கள். கொடியை வைத்து, வெளியே தெரியும் கறுப்பைப் பார்ச்மென்டால் மூடி முழு நேரம் கொடுங்கள். கிளிட்டர் தடிமன், ஹீட் பிரஸ்ஸிலேயே 160 டிகிரி, 15 முதல் 20 விநாடி கேட்கும். உங்கள் பெட்டியில் 25 விநாடி வைத்துப் பாருங்கள். இலை எழுத்தின் மேல் ஏறும் இடத்தில் படி ஒன்று உருவாகும், அங்கே பெட்டியின் நுனியால் தனியாக 10 விநாடி அழுத்துங்கள்.