ராப்பர்களின் இரண்டாவது ஆல்பம்: எங்கே சறுக்குகிறது, எங்கே ஏறுகிறது?

கேசட் காலம்:
ராப்பில் இரண்டாவது ஆல்பம் சறுக்கும் என்று பேச்சு வந்தாலே நாஸ் பெயரைத்தான் முதலில் இழுப்பார்கள். 1994 ஏப்ரலில் ‘இல்மாட்டிக்’, 1996 ஜூலையில் ‘இட் வாஸ் ரிட்டன்’. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டவர்கள், எந்தப் பாட்டில் எது மாறுகிறது என்று குறிப்பாக எழுதுங்கள். “முதல் ஆல்பம் மாதிரி வருமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். மற்றவர்களின் ஆல்பங்களையும் சேர்க்கலாம்.

நாலாம் கட்டை:
பீட்டை, அதாவது வரிகளுக்குப் பின்னால் ஓடும் இசையை, யார் செய்தது என்று முதலில் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். இல்மாட்டிக்கில் முன்னுரையையும் சேர்த்துப் பத்தே டிராக், நாற்பது நிமிடம்கூட வராது. டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், கியூ-டிப், எல்.ஈ.எஸ். என்று எல்லாமே தேர்ந்த கைகள். ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ கேளுங்கள். பியானோவில் சில சுரங்கள் மட்டும் லூப்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என நாஸ் வாய்விட்டே சொல்கிறார். அடுத்த நொடி பிடித்தவர் மூச்சுவிடாமல் ஓடுகிறார். பீட்டில் காலியிடம் நிறைய இருப்பதால் ஒவ்வொரு அசையும் காதில் தனியாக விழும்.

இட் வாஸ் ரிட்டனில் பெரும்பகுதி டிராக்மாஸ்டர்ஸ் இரட்டையருடையது. மெருகேறிய ஒலி, பாடி நிரப்பிய பல்லவி, ரேடியோவுக்கு அளந்து செய்த வேலை. ‘ஸ்ட்ரீட் டிரீம்ஸ்’ பல்லவியில் யூரித்மிக்ஸ் என்ற பாப் குழுவின் ஊரறிந்த மெட்டு இருக்கிறது. அது வந்ததும் காது வரிகளை விட்டுவிட்டு மெட்டின் பின்னால் போய்விடுகிறது. குறை இங்கேதான். எழுத்தில் சரிவே இல்லை. துப்பாக்கியே தன் கதையைப் பேசும் ‘ஐ கேவ் யூ பவர்’ இதே ஆல்பம்தான், பிரீமியர் இதில் செய்த ஒரே பீட்டும் அதுதான். அதையும் ‘த மெசேஜ்’, ‘டேக் இட் இன் பிளட்’ இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் சிங்கிள்களுக்கு வாருங்கள். ஆல்பமே வேறு மாதிரித் தெரியும்.

விற்பனையை எடுத்தால் கணக்கு தலைகீழ். அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்ட் 200-ல் இல்மாட்டிக் 12-ஆம் இடத்தோடு நின்றது. இரண்டாவது நேராக முதலிடம்.

பேஸ்லைன்:
எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகரக்கூடாது. 1990-ல் வந்த முதல் ஆல்பத்தில் குழுவின் ராப்பர் ஃபைஃப் டாக் நான்கு பாட்டில்தான் இருக்கிறார். 1991 செப்டம்பரில் வந்த ‘த லோ எண்ட் தியரி’யில் குழுவின் இன்னொரு ராப்பரான கியூ-டிப்புக்குச் சரிசமமாக நிற்கிறார், ‘பக்கின் அவுட்’டை ஆரம்பிப்பதே அவர்தான். ஒலியிலும் கழித்தலே அதிகம். ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ வெறும் பேஸோடு தொடங்கும், அதன் மேல் குரல் சில வரிகள் தனியாகப் போகும், அப்புறம்தான் டிரம்ஸ் இறங்கும். ‘வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்’டில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரையே டபுள் பேஸ் வாசிக்க வைத்திருக்கிறார்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு: அதில் கீழ் அதிர்வெண்ணே வராது நண்பரே, ஆல்பத்தின் பாதியைத் தொலைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஹெட்ஃபோன் மாட்டுங்கள், ஈக்வலைசரைத் தொடாதீர்கள்.

சாம்பிள் பெட்டி:
விற்பனையில் விழுந்து மதிப்பில் ஏறியது பீஸ்டி பாய்ஸின் இரண்டாவது ஆல்பம் ‘பால்ஸ் பொட்டீக்’, 1989. இவர்களுடைய 1986 ஆல்பம்தான் பில்போர்ட் 200-ல் முதலிடம் தொட்ட முதல் ராப் ஆல்பம். அந்தக் கூச்சலை எதிர்பார்த்தவர்களிடம், டஸ்ட் பிரதர்ஸ் என்ற புரொட்யூசர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பிள்களை (பழைய பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை) அடுக்கிய ஒரு சிக்கலான பொருளைக் கொடுத்தார்கள். அது 14-ஆம் இடத்தோடு நின்றது. ஆறப்போட்டு ஆறப்போட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்; முதல் வாரத்தில் தீர்ப்பெழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இன்று அப்படிச் செய்ய முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சாம்பிளுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டின் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் இன்னொன்று. 1991 டிசம்பரில் அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அனுமதி வாங்காமல் வெளியிடப் பெரிய கம்பெனிகள் தயங்கின. முதல் ஆல்பம் ஓடிவிட்டால் கேட்கும் விலையும் கூடும். அதனால் அடுத்த ஆல்பத்தில் லூப்புகள் குறைவதை உடனே சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள்.

நாலாம் கட்டை:
புரொட்யூசர் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராப்பர் ஸ்னூப் போதும். 1993-ல் ‘டாகிஸ்டைல்’ முழுக்க டாக்டர் டிரேயின் கை. 1996-ல் டிரே டெத் ரோ என்ற ரெக்கார்டு கம்பெனியை விட்டுப் போனார், அதே ஆண்டு ‘த டாக்ஃபாதர்’ அவர் இல்லாமல் வந்தது. குரல் அதேதான், ஆனால் பீட்டுகளில் அந்தக் கனம் இல்லை. எதிர்ப்பக்கம் மாப் டீப் இரட்டையர்: 1993-ல் முதலாவது எடுபடவே இல்லை, 1995-ல் ‘த இன்ஃபேமஸ்’. அதில் பீட் பொறுப்பைப் பெரும்பாலும் இருவரில் ஒருவரான ஹாவக் தானே எடுத்துக்கொண்டார்.

பேஸ்லைன்:
அவுட்காஸ்ட் இரட்டையரும் அதே வழி. 1994 ஆல்பத்துக்கு ஆர்கனைஸ்டு நாய்ஸ் குழுதான் பீட். 1996-ல் ‘ஏடிலியன்ஸ்’ வந்தபோது சில பாட்டுகளை இருவரும் தாங்களே செய்தார்கள். அப்படிச் செய்த ‘எலிவேட்டர்ஸ்’தான் ஆல்பத்தின் முதல் சிங்கிள், அதுவே பாட்டுகளுக்கான பில்போர்ட் பட்டியலான ஹாட் 100-ல் 12-ஆம் இடம் வரை போனது.